ஐந்தாம் சில்லு

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் எனக்கு ஏழு வயது. அப்பாவும் நானும் முதலில் கனடா வந்து சேர்ந்துவிட்டோம். விசா கிடைக்காமல் அம்மா யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். டோர்செட் பார்க் என்ற பகுதியில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில், எங்களோடு சித்தப்பாவும் இருந்தார். கல்யாணம் ஆகாதவர். அஜக்ஸ் என்ற ஊர்ப்பக்கம் ட்ரெய்லர் விற்கும் ஒரு யார்டில் அவருக்கு வேலை.

ஒரு சனிக்கிழமை அப்பாவுக்கு ஓவர்டைம் வந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் சித்தப்பா தன்னோடு கூட்டிப்போனார்.

சில்லு என்று நாங்கள் சொல்லும் சக்கரம் பூட்டிய வீடுகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உள்ளே அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, பூப்போட்ட திரைச்சீலை எல்லாம் இருந்தன. ஒரு ட்ரெய்லரின் முன்பக்கம் மட்டும் மாடிபோல் உயர்ந்து நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு படி ஏறினால் அங்கே ஒரு பெரிய கட்டில். ஏறிப் படுத்துப் பார்த்தேன். இறங்க மனம் வரவில்லை.

அந்த ட்ரெய்லரை வாங்கியிருந்த வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் தங்கள் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார்கள். பிக்கப்பின் பின்தட்டு நடுவில் தட்டையாக ஒரு வட்ட இரும்பு பொருத்தியிருந்தது. அது என்னவென்று கேட்டேன்.

"அதுதான் பிள்ளை அஞ்சாம் சில்லு" என்றார் சித்தப்பா. "முந்திக் குதிரை வண்டியளிலை முன் அச்சுக்கு மேலை இப்பிடி ஒரு இரும்பு வட்டத்தைப் படுக்க வைச்சிருந்தவையாம், வண்டி லேசாத் திரும்பிறதுக்கு. நாலு சில்லு உருளும், இது உருளாது. பிறகு பெரிய லொறியளுக்குப் பூட்டினவை. இப்ப இதுக்கும் வந்திட்டுது. ட்ரெய்லரின்ரை முன்பக்கம் இதிலைதான் வந்து பூட்டும்."

"ஏன் நடுவிலை? பின்னாலை கொளுவினால் என்ன?"

"பாரம் பின் அச்சுக்கு மேலை இருக்கவேணும். வாலிலை கொளுவினால் ஹைவேயிலை பாம்பு மாதிரி ஆட்டும்."

பிறகு கிழவனிடம் போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் மிச்சத்தைக் கைகளாலும் பாடம் நடத்தினார். திரும்பும்போது அகலமாக எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ட்ரெய்லர் மூலையை வெட்டிக்கொண்டு வரும். பூட்டிய பிறகு ட்ரெய்லரின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பிக்கப்பை மெல்ல முன்னுக்கு இழுத்துப் பார்க்கவேண்டும். பூட்டு விழவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும். அதன்பிறகுதான் ட்ரெய்லரைத் தாங்கி நிற்கும் முன்கால்களைத் தூக்கவேண்டும்.

கிழவி என் கன்னத்தைத் தட்டி, தாங்கள் கடல் பார்க்கப் போவதாகச் சொன்னாள். எனக்கு விளங்கிய சில ஆங்கிலச் சொற்களில் கடலும் ஒன்று. ஊரில் அம்மா இருந்த எங்கள் வீடு கடற்கரை ஓரம். கடல்வரைக்கும் போய்விட்டால் மிச்ச வழியை யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லோரும் பூட்டுவதில் கவனமாயிருந்த நேரம் உள்ளே ஏறி, மேல் கட்டிலில் போர்வைக்குள் புகுந்துகொண்டேன்.

கீழே இரும்பு 'டங்' என்று விழுந்தது. ட்ரெய்லர் ஒருமுறை குலுங்கியது. புறப்பட்டுவிட்டோம்! இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மா என்று போர்வையை இழுத்து இறுக்கி மூடிக்கொண்டேன். இழுத்துப் பார்ப்பது என்று சற்றுமுன் சித்தப்பா சொன்னது இதைத்தான் என்று தோன்றவே இல்லை.

புறப்படுமுன் உள்ளே ஒருமுறை பார்ப்பதும் அவருடைய வேலை. போர்வையைத் தூக்கியவர் திகைத்துப்போனார்.

"எங்கை வெளிக்கிட்டிட்டாய்?"

"அம்மாட்டை."

ஏசுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஏசவில்லை. "கொஞ்சம் தள்ளிப் படு" என்று சொல்லி, சப்பாத்துக் கால் வெளியே தொங்க என் பக்கத்தில் சரிந்தார்.

"இதிலை எத்தினை பேர் படுக்கலாம்?"

"நான், அம்மா, அப்பா."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு ஒருத்தரும் இல்லைத்தானே. நீங்கள் கீழை படுங்கோ."

"ஓம், அதுவும் சரிதான்" என்றார். வெளியே முதலாளி இரண்டுதரம் கூப்பிட்டான். மூன்றாம் முறை கத்தியபோதுதான் எழும்பி, என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கிழவி கையசைக்க, ட்ரெய்லர் அகலமாகத் திரும்பி ரோட்டில் ஏறிப் போயிற்று. நான் உரத்து அழுதேன்.

வீட்டுக்கு வரும்போது காரில் சித்தப்பாவுக்கு முகம் கொடுக்காமல் யன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். அம்மாவிடம் போகவிடாமல் தடுத்தவர் அவர்தான் என்று ஆத்திரம். அப்பாவிடம் அவர், "பிள்ளை நல்ல பிள்ளையா இருந்தது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருஷம் அம்மா வந்தார். அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, விமான நிலையத்தில், மெலிந்துபோன ஒரு பெண்ணைக் காட்டி, "இதுதான் உன்ரை சித்தி" என்றார் அம்மா. சித்தப்பா ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து அவரைக் கல்யாணம் செய்யக் காத்திருந்தவராம்.

அந்தக் கட்டிலில் நான் இடம் மறுத்தது சித்தப்பா ஒருவருக்கு மட்டுமல்ல, சித்திக்கும்தான். பிரிந்திருப்பவர்களைச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் மனம் தேடும், பெரிய ஆட்களுக்கு ஒருவரையும் தேடாது என்று அந்த வயதில் முழுதாக நம்பியிருந்தேன்.