அப்பா தலையில் படிக்கிறவள்

"ஆடாதீங்கப்பா. பேச்சு வழுக்கிக் காதுக்குள்ள போயிடப் போவுது."

சொல்லிக்கொண்டே, தர்பூசணி வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதுபோல் அப்பாவின் வழுக்கை உச்சியில் இரண்டு தட்டுத் தட்டினாள். தட்டாமல் அவள் பாடம் தொடங்குவதில்லை. நாற்காலியில் அவள். அவள் காலடியில், முதுகைக் காட்டிக்கொண்டு அப்பா. அப்பாவின் மடியில், இன்னும் கழுத்து நிற்காத அவள் பிள்ளை.

பல்கலைக்கழகத்தில் அவள் படிப்பது மூளையைப் பற்றி. எந்த இடம் பேசுகிறது, எந்த இடம் பார்க்கிறது, எந்த இடம் வழி கண்டுபிடிக்கிறது என்று. பிள்ளை பிறந்த பிறகு புத்தகத்தைத் திறந்தாலே தூக்கத்தில் கண் சொக்குகிறது. அப்பா தலையில் பேனாவால் வரைந்தால்தான் அவள் தலையில் ஏறுகிறது. இடது காதுக்கு மேலே சிவப்பு வட்டம், பேச்சு. பின்மண்டையில் நீலம், பார்வை. வலப்பக்கம் பச்சை, வழி கண்டுபிடிப்பது. வரைந்து முடித்ததும் மை காய உஃப் உஃப் என்று ஊதுவாள்.

"உங்க தலையெழுத்த உங்க பொண்ணே எழுதிட்டா" என்று அம்மா அடுப்படியிலிருந்து சிரிப்பாள். அந்த மை லேசில் போகாது. கடைக்காரர்கூடக் கேட்டுவிட்டார், "என்னண்ணே, தலையில மேப்பு?" என்று. அப்பா பெருமையாகச் சிவப்பு வட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "பேச்சு இங்கதான் இருக்காம். பேரம் பேச வரும்போது தேய்ச்சு உசுப்பிட்டு வரணும்."

வீட்டில் யாரையும் அவள் சும்மா விடுவதில்லை. குழாயை மூட மறந்த புருஷனிடம், "உங்க நெத்திக்குப் பின்னாடி யாருமே வேலைக்கு வரலையா?" என்பாள். பிள்ளை பொக்கை வாயால் சிரித்தால், "அது சிரிப்பில்லப்பா. இந்த வயசுல வெறும் நரம்புத் துடிப்பு" என்பாள். அதைக் கேட்டால் மட்டும் அப்பாவுக்குக் கோபம் வரும்.

"உன் புத்தகம் எழுதினவனுக்குப் பேரன் இருந்திருக்க மாட்டான். எங்கிட்ட மட்டும் துடிக்குதே, அது எப்படி?"

வாய்மொழித் தேர்வு வந்தது. மசக்கையிலும் பிரசவத்திலும் ஏற்கெனவே ஒரு வருடம் போயிருந்தது. இதில் விட்டால் இன்னொரு வருடமும் போகும். பிள்ளைக்குப் பசித்தால் அவள் பக்கத்தில் வேண்டுமே என்று அப்பாவும் பிள்ளையோடு வந்து, திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றார். தலையை மறைக்கக் குல்லாய்.

பேராசிரியர் அம்மாள் ஒரு பிளாஸ்டிக் தலையை எடுத்து மேஜைமேல் வைத்தார். மண்டையைத் திறந்தால் உள்ளே மூளை. "பேச்சு எங்க இருக்கு, காட்டுங்க."

அந்தத் தலை அவளை நேருக்கு நேர் பார்த்து முறைத்தது. அப்பாவின் தலையை இத்தனை நாளும் பின்னாலிருந்துதானே பார்த்தாள்! பழக்கத்தில் விரல் அவளுடைய இடப்பக்கம் போனது. எதிரே இருக்கும் தலைக்கு அது வலப்பக்கம்.

"அதுவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அது வழி கண்டுபிடிக்கிற இடம். அங்க போய்ப் பேச்சைத் தேடுறீங்க."

வெளியே பிள்ளை சிணுங்கியது. "ஆரீரோ, அம்மா படிக்கிறாடா, சும்மா இருடா ராசா" என்று அப்பா ஆட்டும் சத்தம் கேட்டது. அந்தக் குரல் காதில் விழுந்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"மேடம், ஒரு நிமிஷம். இவரைத் திருப்பி உக்கார வச்சுக்கலாமா?"

"எவரை?"

பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. பின்மண்டை தன் பக்கம் வரும்படி பிளாஸ்டிக் தலையைத் திருப்பினாள். உச்சியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஆடாதீங்கப்பா" என்றாள்.

விரல் தானாக இடது காதுக்கு மேலே போய் உட்கார்ந்தது. அங்கிருந்து பின்மண்டை, அங்கிருந்து வலப்பக்கம் என்று தடுக்காமல் ஓடியது. பேராசிரியர் பேனாவை மூடிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

கதவுக்கு வெளியே, பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்த அப்பா சட்டென்று குல்லாயைக் கழற்றிவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை தலையை அசைக்காமல் நின்றார்.