எல்லாப் படத்திலும் ஒரே தண்ணீர்த் தாங்கி: நெடுந்தீவுக்கு கோல் கீப்பர் கேட்டுப் போன வெள்ளிக்கிழமை

ஆடி மாதத்து இரண்டாம் வெள்ளி நயினாதீவு அம்மாள் கோயிலுக்குப் போவதென்று நான் முன்பே நேர்ந்திருந்தேன். அதே வெள்ளிக்கிழமை இவர், அதாவது என் கணவர், நெடுந்தீவுக்குப் போகவேண்டும் என்றார். இவர் எங்கள் சரவணைப் பக்கத்து உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் செயலாளர். (கழகத்தின் பெயரை எழுதினால் பிறகு எனக்குத்தான் பேச்சு விழும். விட்டுவிடுகிறேன்.) இரண்டு தீவுக்கும் படகு குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்துதானே. "காலமை நெடுந்தீவு, பின்னேரம் நயினாதீவு. நானும் வாறன்" என்றேன். ஒரே நாளில் இரண்டும் பார்க்கலாமா என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிற சிலர் முன்பு கேட்டிருந்தீர்கள். பார்க்கலாம். நேரம் தவறாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

நெடுந்தீவுப் பயணம் எதற்கென்றால், ஆள் கேட்க. பதினொரு வருஷத்துக்குப் பிறகு எங்கள் கழகம் ஒரு இறுதியாட்டத்துக்கு வந்திருக்கிறது. எதிர்க் கழகம் வெளியூரில் இருந்து நாலு பேரை இறக்கியிருக்கிறது என்று கேள்வி. எங்கள் பக்கமும் ஒருவரையாவது இறக்கவேண்டும் என்று வாட்சப் குழுவில் மூன்று கிழமையாகச் சண்டை. கனடாவில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் நெடுந்தீவு கோல் கீப்பர் ஒருவரின் வீடியோவை அனுப்பி, "இவரைப் பிடியுங்கோ" என்று எழுதிவிட்டார்கள்.

எங்கள் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் இருந்து ஆள் கேட்கப் போனால், யாருடைய இடத்துக்குக் கேட்கிறார்களோ அவரும் கூடப் போகவேண்டும். வாய் திறந்து கேட்பதும் அவர்தான். அவர் கேட்காவிட்டால் கேட்டதாகவே கணக்கில்லை. முன்பொரு முறை ஒருவருக்குச் சொல்லாமல் அவருடைய இடத்துக்கு ஆள் பிடித்து, அவர் கோபித்துக்கொண்டு பாதி அணியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு. ஆகவே எங்களோடு யூட்டும் வந்தார்.

யூட் ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்கிறவர். முப்பத்தைந்து வயது. பதினொரு வருஷமாக எங்கள் கோல் கம்பத்துக்குள் நிற்கிறார். ஒரு இறுதியாட்டம் கூட விளையாடியதில்லை. இப்போது அது வந்திருக்கிறது. அந்த இடத்தைத் தன் வாயாலேயே இன்னொருவருக்குக் கொடுக்கப் போகிறார். அல்லது கொடுக்காமல் விடப் போகிறார். அது அவர் கையில்.

காலை 6.40க்குச் செல்வம் அண்ணையின் ஓட்டோவில் வெளிக்கிட்டோம். செல்வம் அண்ணை எங்கள் ஊர் ஓட்டோக்காரர், கழகத்தின் முதல் ரசிகர், அந்தக் காலத்தில் முன்வரிசையில் விளையாடியவர். வெளி ஆள் வேண்டும் என்று குழுவில் அதிகம் எழுதியவரும் அவர்தான். பின்னால் நாங்கள் மூன்று பேர், என் மடியில் அர்ச்சனைச் சாமான் பை. புங்குடுதீவுப் பாலத்தில் தென்மேற்கில் இருந்து அடிக்கிற சோளகக் காற்று ஓட்டோவை ஒரு பக்கமாகத் தள்ளியது. செல்வம் அண்ணை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மற்றக் கையால் வாதாடினார்.

"டேய் யூட், உன்னை எனக்குப் பிடிக்காமலே? கால் இறுதியிலை மூண்டு கோல் விட்டனீ. முன்னுக்கு நிண்டவங்கள் நாலு அடிச்சபடியால் தப்பினம்."

"ஓம் அண்ணை. மூண்டுதான்" என்றார் யூட்.

"உள்ளூர் ஆக்கள் விளையாடாட்டிக் கழகம் என்னத்துக்கு? காசு குடுத்து ஆள் பிடிச்சு, காசு குடுத்துக் கப் வாங்கி வைக்கிறதே?" இது இவர்.

"அப்ப இங்கிலாந்திலை என்ன செய்யினம்? தெருவிலை நிக்கிற பெடியளையோ விளையாட விடினம்?"

"நீங்கள் ஆதரிக்கிற இங்கிலாந்துக் கழகம் காசைக் கொட்டிக்கொட்டி ஆள் வாங்கி, போன முறை எத்தினையாம் இடம்?"

செல்வம் அண்ணை மற்றக் கையையும் ஹாண்டிலில் வைத்து, குறிகட்டுவான் வரைக்கும் ஓட்டோவை மட்டும் ஓட்டினார். பதினேழு கிலோமீற்றர், நாற்பது நிமிஷம். யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்கள் 776 பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்தில் இறங்குதுறைக்கே வந்துவிடலாம்.

நெடுந்தீவுப் படகு எட்டு மணிக்கு. ஆளுக்கு 150 ரூபா கொடுத்தோம். சோளகம் வீசுகிற மாதங்களில் படகு ஆடும், முன்னாலே சொல்லிவிடுகிறேன். நான் முழு வழியும் கண்ணை மூடி அம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் யூட் வீட்டுக் கதிரையில் இருக்கிற மாதிரி இருந்தார். 9.05க்கு மாவலித் துறையில் இறங்கினோம். அங்கே ஒரு ஓட்டோ, 400 ரூபா, நேரே அன்ரனின் வீட்டுக்கு.

அன்ரன்தான் வீடியோவில் இருந்த கோல் கீப்பர். இருபத்துமூன்று வயது, நல்ல உயரம், தாயோடு இருக்கிறார். தாய் எங்களை இருத்தி, பால் விடாத பிளேன்ரீயும் பனங்கட்டியும் தந்தார். பெண் பார்க்கப் போன வீடு மாதிரித்தான் இருந்தது. கேள்வி எல்லாம் அவர்தான் கேட்டார்.

"மட்ச் முடிய படகு இராது. பிள்ளை எங்க படுப்பான்?"

"எங்கட வீட்டிலைதான் அக்கா" என்றேன்.

"நீங்கள் மரக்கறியோ?"

"வெள்ளி செவ்வாய்தான். மட்ச் ஞாயிற்றுக்கிழமை. மீன் காய்ச்சித் தருவன்."

அவருக்கு முகம் தெளிந்தது. எங்கள் மூவரின் கண்ணும் யூட்டிடம் போனது. கேட்கிற நேரம் அதுதான். யூட் பனங்கட்டியைக் கடித்து, "நல்ல பனங்கட்டி" என்றார். செல்வம் அண்ணை கோப்பையை டக்கென்று மேசையில் வைத்தார்.

"கிரவுண்டைப் பார்ப்பம்" என்றார் இவர், நிலைமையைச் சமாளிக்க.

மைதானம் வீட்டில் இருந்து ஐந்து நிமிஷ நடை. நெடுந்தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே வேலி எல்லாம் கடலில் எடுத்த முருகைக் கல் அடுக்கியது. மைதானத்தின் ஒரு முனையில் அப்படி ஒரு கல்வேலி, அதற்குப் பின்னால் நீலத் தண்ணீர்த் தாங்கி ஒன்று. அதைக் கண்டதும் தெரிந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. கனடாக்காரர் அனுப்பிய வீடியோ எங்கள் வீட்டில் மூன்று கிழமையாக ஓடுகிறது. எனக்குப் பந்து விளங்காது. ஆகவே நான் பந்தைப் பார்க்கவில்லை, பின்னால் இருக்கிறதைத்தான் பார்த்தேன். அன்ரன் பாய்ந்து பிடிக்கிற பன்னிரண்டு இடத்திலும் பின்னால் அந்த நீலத் தாங்கி.

அந்தக் கல்வேலிப் பக்கத்தில் நின்றுகொண்டு குடையை விரித்தேன். காற்று முதுகில் அடித்துக் குடையை மற்றக் கோல் கம்பத்தின் பக்கமாக இழுத்தது. சேலைத் தலைப்பும் அந்தப் பக்கமாகவே பறந்தது. தாங்கிப் பக்கத்துக் கோலுக்கு அடிக்கிற பந்து காற்றை எதிர்த்துத்தான் வரவேண்டும். பாதி வழியில் களைத்துவிடாதா? எனக்கு அறிய ஆசையாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

"தம்பி, நீர் மற்றப் பக்கம் நிக்கேக்கை ஒருத்தரும் படம் எடுக்கேல்லையோ?"

அன்ரன் சிரித்துவிட்டார். "அந்தப் பக்கம் நிக்கேக்கை எடுத்ததை ஆர் அக்கா கனடாவுக்கு அனுப்புவினம்?"

செல்வம் அண்ணை போனை எடுத்து வீடியோவை முதலில் இருந்து போட்டார். இவர் எட்டிப் பார்த்தார். தாங்கி, தாங்கி, தாங்கி. கழகத்தில் இத்தனை ஆண்கள், மூன்று கிழமை, எல்லாரும் பந்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள். செல்வம் அண்ணை போனைச் சட்டைப் பைக்குள் வைத்து, செருப்பைக் கழற்றினார்.

"தம்பி, மற்றக் கோலுக்குள்ளை போய் நில்லும். பத்துப் பந்து அடிக்கிறன்."

காற்று செல்வம் அண்ணையின் முதுகில். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் அடித்த பந்து இருபது வயதுக்காரர் அடித்தது மாதிரிப் போனது. முதல் ஆறில் ஐந்து உள்ளே. பிறகு அன்ரன் இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். கோல் கோட்டில் இருந்து இரண்டடி முன்னால் வந்து நின்றார். மிச்ச நாலில் ஒன்றுதான் உள்ளே போனது. மொத்தம் ஆறு.

"இப்ப நான் நிக்கிறன்" என்று யூட் சாரத்தை மடித்துக் கட்டினார். அன்ரன் தன் கிளவுஸைக் கழற்றிக் கொடுத்தார். அதே பத்துப் பந்து. யூட்டுக்கு ஏழு உள்ளே போனது.

"ஒரு கோல்தான் வித்தியாசம். அதுக்கு ஒரு ஆளை மாத்திறதே?" என்றார் இவர்.

"பைனலே ஒரு கோல்தானே ஐசே!" என்றார் செல்வம் அண்ணை, மூச்சு வாங்கிக்கொண்டு.

அங்கேயே ஒரு மணித்தியாலம் வாக்குவாதம். உயரம், வயது, ஊர் ஆள், வெளி ஆள், கனடாக்காரர் கோபிப்பார்கள், கோபித்தால் என்ன. நானும் ஒரு சொல் போட்டேன்: மட்சிலும் பாதியில் பக்கம் மாறுவார்கள்தானே, காற்று இரண்டு பேருக்கும் பொதுதானே? "தங்கச்சி, நீங்கள் குடையைப் பிடியுங்கோ" என்றார் செல்வம் அண்ணை. இதில் சேராதவர்கள் யூட்டும் அன்ரனும்தான். அவர்கள் கல்வேலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கடல் நிலவரம் கதைத்தார்கள்.

மத்தியானம் அன்ரனின் தாய் மீன் குழம்போடு சோறு தந்தார். நான் வெள்ளி விரதம், இளநீரோடு நிறுத்திக்கொண்டேன். திரும்புகிற படகு 2.30க்கு. அதைத் தவறவிட்டால் அடுத்த நாள்தான், மறக்கவேண்டாம். துறை வரைக்கும் அன்ரனும் வந்தார். ஒருவரும் யூட்டை வற்புறுத்தவில்லை. வழக்கம் அப்படி. வீடியோவின் குட்டு வெளிப்பட்டபடியால், யூட் கேட்காமலே படகு ஏறினாலும் ஒருவரும் குறை சொல்ல ஏலாது. எனக்கு உள்ளுக்குள் அப்படியே நடந்தால் நல்லது என்றுதான் இருந்தது. பதினொரு வருஷம் நின்றவர் ஒரு நாள் நிற்கட்டுமே.

படகில் கயிறு அவிழ்க்கிற நேரம். ஒரு காலைப் படகில் வைத்த யூட் திரும்பினார்.

"அன்ரன், எங்களுக்கு வந்து விளையாடும். என்ர இடத்திலை நில்லும்."

அன்ரன் யூட்டின் முகத்தையே பார்த்தார். "நீங்கள் கேக்கிறபடியால் வாறன் அண்ணை" என்றார்.

படகு வெளிக்கிட்டது. வாதத்தில் வென்றது செல்வம் அண்ணைதான், ஆனால் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் யூட்டைக் கேட்டேன், ஏன் என்று.

"ஆறுக்கும் ஏழுக்கும் இல்லை அக்கா. அஞ்சு விட்டாப் பிறகு அவர் ரெண்டடி முன்னுக்கு வந்தவர், பாத்தனீங்களே? நான் ஏழு விட்டும் கோட்டிலைதான் நிண்டனான். பதினொரு வருஷமாக் கோட்டிலைதான் நிக்கிறன். பாத்தாப் பிறகு கேக்காமல் வரேலாது."

3.35க்குக் குறிகட்டுவான். 3.50க்கு நயினாதீவுப் படகு, ஆளுக்கு 100 ரூபா, இருபது நிமிஷம். ஆடி வெள்ளி, ஆனாலும் பின்னேரம் என்றபடியால் கூட்டம் தாங்கக்கூடியதாக இருந்தது. கழகத்தின் பெயரில் அர்ச்சனை செய்வதாகத்தான் நேர்த்தி. ஐயர் பெயரைக் கேட்டு, நட்சத்திரம் கேட்டார். கழகத்துக்கு என்ன நட்சத்திரம்? பின்னால் நின்ற செல்வம் அண்ணை, "தொடங்கினது தைப்பூசத்தண்டு ஐயா" என்றார். "அப்ப பூசம்" என்று ஐயர் தொடங்கிவிட்டார்.

நான் இன்னொரு அர்ச்சனைச் சீட்டும் எடுத்திருந்தேன். அது யூட்டின் பெயரில். அவருக்கு நட்சத்திரம் தெரியாது. ஞானஸ்நானத் திகதிதான் தெரியும். "அம்பாளுக்குத் தெரியும்" என்று சொல்லி ஐயர் அதையும் செய்தார். யூட் தூணோரமாகக் கைகூப்பிக்கொண்டு நின்றார். அவருக்காக என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. அன்ரன் வெல்லவேண்டும் என்றா, அன்ரன் தோற்று எல்லாரும் யூட்டைத் தேடவேண்டும் என்றா? ஒன்றும் கேட்காமல் தீபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கடைசிப் படகுக்கு முந்தின படகில் ஏறி, ஏழு மணிக்கு வீடு.

இந்த வழியால் போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் கொண்டு போங்கள், நெடுந்தீவில் வெயில் ஏமாற்றும், காற்றடிப்பதால் சூடு தெரியாது. தொப்பி வேண்டாம், பறக்கும். துணியால் தலையைக் கட்டுங்கள். படகில் நடுப்பகுதியில் இருங்கள், ஆட்டம் குறைவு. விரதம் என்றால் வாழைப்பழம் பையில் இருக்கட்டும். யாராவது வீடியோ அனுப்பி ஒரு ஆளையோ ஒரு இடத்தையோ புகழ்ந்தால், போகுமுன் அதன் பின்பக்கத்தையும் ஒரு தரம் பாருங்கள்.

இறுதியாட்டம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அடுத்த கிழமை சனிக்கிழமை அன்ரன் வந்தார். துறையில் காத்திருந்து கூட்டி வந்தது யூட். நான் சொன்னபடி மீன் காய்ச்சினேன். ஞாயிற்றுக்கிழமை யூட் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, காற்று மாறும்போதெல்லாம் "முன்னுக்கு, முன்னுக்கு" என்று கத்தினார். ஒன்றுக்கு ஒன்று. பெனால்டியில் நாலுக்கு மூன்று, தோற்றோம்.

இப்போது எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் புதுச் சண்டை. வெளி ஆளை இறக்கினதுதான் பிழையாம். அதைத் தொடக்கி வைத்ததும் செல்வம் அண்ணைதான். "பெனால்டிக்கு யூட் நிண்டிருக்கவேணும்" என்று நேற்றும் மேசையில் அடித்துச் சொன்னாராம். பக்கத்தில் இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த யூட் சொன்னாராம்:

"நான் நிண்டிருந்தால் அண்ணை, பெனால்டி வரைக்கும் போயிருக்க மாட்டம்."