போயாவுக்குப் போயா மாறிய ஒயில்

காருக்கு எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை ஒயில் மாற்ற வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், எந்தக் கார் என்று நான் கேட்பதில்லை. உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் ஒரு வருஷம் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. அதனால் ஒரு குடும்பமே பிரிந்துபோகப் பார்த்தது.

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு இறப்பர் தோட்டத்தில், வீடுகள் ஒரே வரிசையாய் ஒட்டி நிற்கிற எங்கள் லயம். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அவள் அனுப்பியதில் ஒரு பழைய சின்னக் கார் வந்தது. அப்பா பால் வெட்டுவதை விட்டுவிட்டு ஹயர் ஓட ஆரம்பித்தார். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பெறப் போகிறவர்கள், அவிசாவளைக்குக் கல்யாண உடுப்பு எடுக்கப் போகிறவர்கள், இப்படி. கார் அப்பாவின் கையில் இருந்தாலும் அது அம்மாவின் கார். இதை அம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக, வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் எடுத்ததும் முதல் வேலையாக ஒயிலைப் பற்றிக் கேட்பாள்.

“இங்க மேடம் வீட்டு டிரைவர் அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்துறாருங்க. நீங்க மாத்துனீங்களா?”

“மீட்டர் ஓடலயே புள்ள. அஞ்சாயிரம்னு எப்புடி பாக்குறது?” என்பார் அப்பா.

அது உண்மைதான். எங்கள் காரின் மீட்டர் செத்துக் கிடந்தது. கார் எவ்வளவு தூரம் ஓடினாலும் அதே இலக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் அப்பா போயாவை வைத்துக் கணக்குப் பார்த்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும் போயா லீவில் தோட்டத்திலும் வேலை இல்லை, ஹயரும் குறைவு. மூன்று போயாவுக்கு ஒரு தடவை, லயத்துக் கடைசியில் மழைத்தண்ணி ஓடுகிற கானுக்கு மேலே காரை நிறுத்தி, தான் கானுக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு ஒயிலைக் கழற்றுவார். லயத்துச் சனம் டின்னோடு வந்து நிற்கும். பழைய ஒயில் வாசல்நிலைக்குப் பூசினால் கறையான் வராது, சொறி பிடித்த நாய்க்குத் தடவினால் சொறி போகும் என்று பேர். எங்கள் காருக்கு ஒயில் மாறுவது ஊருக்கே தெரிந்த விஷயம்.

அம்மாவுக்கு மட்டும் அது போதவில்லை. அவள் கண்ணால் பார்க்க வேண்டும். நான் போனைத் தூக்கிக்கொண்டு காரடிக்கு ஓடுவேன். அப்பா ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்துத் துணியில் துடைத்து, மறுபடி விட்டெடுத்துப் போனுக்கு முன்னால் நீட்டுவார். அம்மா அதை உற்றுப் பார்ப்பாள். கறுப்பா இருக்கே என்பாள். புதிதாக இருந்தால், தொடைச்சிட்டுக் காட்டுறீங்களா என்பாள்.

பக்கத்துக் காம்பராவில் அம்மாவின் தங்கை இருந்தாள். எனக்குச் சோறு போட்டு, தலை பின்னி, ஸ்கூலுக்கு அனுப்பியது அந்தச் சித்திதான். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் சித்தியின் கண்ணுக்கு எல்லா ஆண்களுமே இன்னும் கையில் அகப்படாத களவாளிகள். அப்பா சட்டையை அயர்ன் பண்ணினால் ஏன் என்று யோசிப்பாள். பண்ணாவிட்டால், இப்ப யாருக்காக எளிமையா போறாரு என்று யோசிப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா, மேடம் இன்னும் இரண்டு வருஷம் நிற்கச் சொல்கிறாள் என்றாள். அப்படி நிற்பது அதுவே மூன்றாவது தடவை. புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கூரை போட வேண்டியிருந்தது.

“போதும், வந்துரு புள்ள,” என்றார் அப்பா.

“வந்து? ஓடு யாரு போடுறது?”

அப்பா என்னிடம் போனைத் தந்துவிட்டுக் காரைக் கழுவப் போனார். ஒரு காரை அவ்வளவு நேரம் யாரும் கழுவி நான் பார்த்ததில்லை.

அடுத்த போயா வந்தது. ஒயில் மாற்றுவதற்கு இன்னும் காலம் இருந்தது. ஆனாலும் கார் கானுக்கு மேலே ஏறி நின்றது. சனம் ஆச்சரியத்தோடு டின்னைத் தேடி எடுத்து வந்தது. அதற்கு அடுத்த போயாவிலும் மாற்றினார். அதற்கடுத்த போயாவிலும் மாற்றினார். லயத்தில் பூச வாசல்நிலை மிச்சமில்லை. நாய்களெல்லாம் பளபளவென்று திரிந்தன. கடைசியில் சனம், “போதும் அண்ணே, வைக்க எடமில்ல,” என்று கையெடுத்துக் கும்பிட்டது.

சித்தி கும்பிடவில்லை. அவள் கணக்குப் போட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றின ஒயில் மாதாமாதம் மாறுகிறது என்றால், கார் மூன்று மடங்கு ஓடுகிறது. ஹயரோ முன்பு இருந்த அளவுதான். அப்படியானால் மிச்ச ஓட்டமெல்லாம் எங்கே? இரத்தினபுரிப் பக்கமாக இருக்கும் என்று அவளே முடிவு செய்தாள். ஏன் இரத்தினபுரி என்று கேட்டால், அங்கேதான் பெண்கள் செழிப்பாக இருப்பார்கள் என்றாள். சீட்டுக்கு அடியில் ஒரு கூந்தல் கிளிப் கிடைத்ததும் அதைப் போட்டோ எடுத்துக் குவைத்துக்கு அனுப்பினாள். பிறகு அது போன கிறிஸ்மஸுக்குக் கோயிலுக்குப் போனபோது அவளே விழுத்தியது என்று தெரிந்தது. ஆனால் அந்தச் செய்தியைக் குவைத்துக்கு அனுப்ப மறந்துவிட்டாள்.

அது வரைக்கும், ஒயில் மாற்றவில்லையே என்று சண்டை பிடித்த அம்மா, இப்போது ஏன் மாற்றுகிறீர்கள் என்று சண்டை பிடித்தாள்.

“உண்மையச் சொல்லுங்க. எங்கங்க ஓடுது கார்?”

“அங்கிட்டு இங்கிட்டு ஓடுது,” என்பார் அப்பா.

“அந்த மீட்டரையாவது செஞ்சு வைங்களேன். நான் பாத்துக்கிறேன்.”

“பாப்போம், பாப்போம்.”

லயத்தில் யாருடைய ரேடியோ நின்றாலும், யாருடைய மின்விசிறி சுற்றாவிட்டாலும் அப்பாவிடம்தான் வரும். தன் சொந்தக் காரின் மீட்டரை மட்டும் அவர் தொடவில்லை. அவர் ஒரு வார்த்தை மறுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் மறுக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மேல் லயத்தில் ஒரு அக்கா இருந்தாள். அவளுடைய அம்மா வெளிநாட்டில் இருந்த சமயம் அப்பா வேறு கல்யாணம் கட்டிக்கொண்டு போனார். அக்காவைக் கன்னியர் மட ஹொஸ்டலில் விட்டார்கள். லீவுக்கு வந்தால்கூட எந்த வீட்டில் படுப்பது என்று தெரியாமல் பையோடு நிற்பாள். அம்மா என்னையும் ஹொஸ்டலில் போட்டுவிட்டுக் காரை விற்றுவிடுவாள் என்று சித்தி சொல்லியிருந்தாள். நான் ஒவ்வொரு நாளும் காருக்குள் ஏறி மோந்து பார்ப்பேன். பெற்றோலும் ஈரச் சாக்கும்தான் மணக்கும். அதுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வெசாக் போயாவுக்கு இரண்டு நாளைக்கு முன்பிருந்தே சித்தி எங்கள் வீட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். என்ன விசேஷம் என்று அப்பா கேட்டார். வெசாக் வருதே என்றாள். வெசாக் புத்த சமயத்தாரின் பெருநாள், நாங்கள் வேதக்காரர். சித்தி பொய் சொல்வதற்கு அதற்கு முன் பழகியிருக்கவில்லை. அப்பா தலையை ஆட்டிவிட்டு ஷேவ் பண்ணப் போனார்.

வெசாக் அன்று நடுப்பகலில், கார் கானுக்கு மேலே நிற்க, அப்பா அதற்கு அடியில் படுத்திருக்க, ஒரு வாடகை வேன் லயத்துக்கு முன்னால் வந்து நின்றது. அம்மா இறங்கினாள். கையும் களவுமாகப் பிடிக்க வந்தவளுக்கு என்னைக் கட்டிப்பிடிக்கவும் நேரமில்லை. நேரே கானடிக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். சித்தி எனக்கு முன்னால் ஓடினாள்.

“வந்துட்டியா புள்ள?” என்றார் அப்பா, காருக்கு அடியிலிருந்து. “அந்த டின்ன கொஞ்சம் இங்கிட்டு தள்ளு.”

அம்மா டின்னைத் தள்ளவில்லை. அதற்குள் விரலை விட்டாள். இரண்டு விரலாலும் தேய்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கறுப்பே இல்லை. பால் விடாத பிளேன்டி நிறத்தில், விரல் ரேகை தெரிகிற மாதிரி இருந்தது.

“இது ஓடின ஒயிலே இல்லயேங்க. இத ஏன் கழட்டுனீங்க?”

“நீதானே வாராவாரம் கேட்ட.”

அம்மா விரலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். நல்ல ஒயில் வீணாய்ப் போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்தது. சித்தி மட்டும் தளரவில்லை.

“அக்கா, கார் ஓடலன்னா மச்சான் பஸ்ஸுல போயிருக்காரு,” என்றாள்.

லீவு முடிகிற நாள் வந்தது. குவைத்திலிருந்து மேடம் போன் மேல் போன் எடுத்தாள். “இந்த மனுசன நம்பி விட்டுட்டுப் போக முடியாது,” என்று அம்மா போகாமல் இருந்துவிட்டாள். பக்கத்தில் இருந்து பார்க்கப் போகிறாளாம். அப்படிப் பார்க்க உட்கார்ந்தவள் இன்றைக்கு வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். புது வீட்டுக்கு ஓடு வரவில்லை, தகரம்தான் வந்தது. மழை பெய்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. ஆனால் அந்தத் தகரத்துக்குக் கீழே நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

அம்மா போகவில்லை என்று உறுதியான அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குக் கிளம்பினோம். அம்மா முன் சீட்டில். அப்பா கிளம்புவதற்கு முன் மீட்டருக்கு அடியில் கையை விட்டு எதையோ மாட்டி, இரண்டு திருகு திருகினார். அம்மா முந்தானையைச் சரிசெய்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. கார் நகர்ந்ததும் இத்தனை காலம் செத்துக் கிடந்த முள் எழும்பியது. அம்மா சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினாள். இனி அஞ்சாயிரத்துக்கு ஒருக்காதான், நான் சொல்லும்போதுதான் என்றாள். அப்பா சரி, சரி என்றார்.

மறுநாள் ஸ்கூலில் எல்லாரிடமும், எங்கம்மா வந்ததால்தான் எங்கள் கார் மீட்டர் ஓடுகிறது என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. கோபத்தோடு வீட்டுக்கு வந்து அப்பாவிடமே கேட்டேன்.

“ஆமா, அதேதான்,” என்றார்.

என் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன்.