அம்மாசி அண்ணனின் வலது பாதம்

அம்மாசி அண்ணனை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும் என்று போன மாதம்வரை சொல்லியிருப்பேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது அவருடைய பிடரி மட்டும்தான். புக்கிட் செலம்பாவிலிருந்து கூலிம் ஹைடெக் பூங்காவுக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில், டிரைவரான அவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டு என்னுடையது. நான் ஏறும்போது "ஏறு தங்கச்சி" என்பார். நான் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். நாற்பது பேர் ஏறி இறங்கும் பஸ் அது. அவரோடு நின்று நாலு வார்த்தை பேசிய ஒருவர் உண்டா என்று கேட்டால், கிடையாது. நானும் ஒன்றும் பெரிய யோக்கியம் இல்லை.

அப்படியிருக்க, என் விடுமுறை நாளில் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தேவகிதானே, அம்மாசியின் வாரிஸ்தானே என்று ஒரு நர்ஸ் மலாயில் கேட்டாள். வாரிஸ் என்றால் இங்கே நெருங்கிய சொந்தம்; நோயாளிக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரி முதலில் கூப்பிடும் ஆள். தப்பான நம்பர் என்றேன். அவள் படித்துக் காட்டியது என் நம்பரேதான். ஆப்பரேஷனுக்கு முன்னால் டாக்டர் பேச வேண்டும், யாராவது கூட இருந்தால் நல்லது என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். என்னைக் கேட்காமல் என் பெயரை எப்படிப் போடலாம்? நறுக்கென்று நாலு கேட்டுவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

வார்டில் அவர் வலது காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தை அன்றுதான் நேராகப் பார்க்கிறேன். அறுபத்தொரு வயது. பக்கத்துக் கட்டில்களைச் சுற்றி ஆட்களும் சாப்பாட்டுத் தூக்குகளும். இவருடைய மேசையில் ஒரு தண்ணீர் போத்தல்.

"கேக்காம உன் பேரப் போட்டுட்டேன் தங்கச்சி. பஸ் குரூப்புல உன் நம்பர் இருந்துச்சி. வேற யார் பேரப் போடறதுன்னு தெரியல லா" என்றார்.

கொண்டுபோன சண்டையை விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

டாக்டர் வருவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்பது வருடத்தில் தெரியாததெல்லாம் தெரிந்தது. அவர் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி ஆட்களைக் கிளப்பியபோது லோரி ஓட்டக் கற்றுக்கொண்டார். அப்புறம் பஸ். மனைவி நவமணிக்குச் சிறுநீரகம் கெட்டது. அவளுக்காக மாரியம்மனுக்குத் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டார். நான்கு வருடம் மிதித்தார். ஐந்தாம் வருடம் அவள் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. கருமாதி வீட்டில் கோயில் கமிட்டி மணியம் எல்லார் காதிலும் விழும்படி, விரதத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கும் என்று சொன்னானாம். அந்த நாக்கை அல்லவா ஆப்பரேஷனுக்கு அனுப்ப வேண்டும்!

அண்ணன் அதை நம்பிவிட்டார். மனைவி இல்லாமலும் வருடா வருடம் காப்புக் கட்டினார். மச்ச மாமிசத்தை விட்டார், பாயை விட்டுத் தரையில் படுத்தார், பூக்குழியில் இறங்கினார். குறையை ஈடுகட்ட வேண்டுமாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தீ மிதித்த மறுநாள் கால் கழுவும்போது வலது குதிகால் அருகே உளுந்தளவு ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்தார். வலியில்லை. நெருப்பு சுட்டுவிட்டது என்றே எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் தீ மிதித்தவன் காலில் கொப்புளம் கண்டால் யாரும் மருந்து கேட்க மாட்டார்கள். விரதத்தில் என்ன தப்பு செய்தாய் என்றுதான் கேட்பார்கள். அப்படியானால் மணியம் சொன்னது சரி, நவமணி போனது என்னால்தான் என்று அவர் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். யாருக்கும் காட்டவில்லை. காட்ட வீட்டில் ஆளும் இல்லை.

புள்ளி வளர்ந்தது. ஓரம் கோணல்மாணலாக, இருபது காசு நாணய அகலத்துக்கு வந்தது. பாதத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு இன்னும் இரண்டு முறை தீயில் இறங்கினார். பிறகு அது வெடித்துக் கசிந்தது. பிரேக்கை மிதித்தால் உயிர் போகுமாம். பஸ் குலுங்கிக் குலுங்கி நின்ற அந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இன்னிக்கி பிரேக் போட்டது மனுஷனா, மாடா?" என்று குரூப்பில் எழுதி, சிரிக்கிற பொம்மைகள் மூன்று போட்டவள் நான்தான். அண்ணனும் அந்தக் குரூப்பில் இருந்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அன்றைக்கு ஒரு மாதம் முன்னால் தொடை இடுக்கில் கட்டி வந்த பிறகுதான் கிளினிக்குக்குப் போயிருக்கிறார்.

டாக்டர் தாரா வந்தார். சின்ன வயசு, நிதானமான பேச்சு. காலில் இருப்பது தோல் புற்று, தொடை இடுக்குக்கும் போய்விட்டது என்று மறைக்காமல் சொன்னார். இரண்டு இடத்திலும் வெட்ட வேண்டும். காலில் கறுப்பைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றார்.

அண்ணன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல தோலு என்னா பண்ணுச்சி?"

"அங்கிள், அந்தக் கறுப்பு மட்டும் தனியா பரவ முடியாது. சுத்தியிருக்கற தோலு மொதல்ல அத எடத்த விட்டு நகராம பிடிச்சி வெக்கும். வயசானா அந்தப் பிடி தளந்துடும். சில நேரம் புத்து பக்கத்துல இருக்கற செல்லையே வளச்சிப்போட்டு, தனக்குத் தீனியும் வழியும் வாங்கிக்கும். வெளிய பாத்தா நல்லாத்தான் இருக்கும்."

யாருக்கு எப்போது பிடி தளரும் என்பது இன்னும் முழுசாகத் தெரியாது, ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் நாற்பது பேரும் அவரைச் சுற்றித்தான் தினமும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பிடி எப்போது தளர்ந்தது? பிடித்திருந்தால் அல்லவா தளர!

அண்ணன் பிழைப்பேனா என்று கேட்கவில்லை. எத்தனை நாள் என்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது நெருப்பு சுட்டதா, டாக்டர்?"

"இல்ல அங்கிள். சுட்ட தழும்பே இல்ல இது. தோலுக்குள்ளயே உண்டானது. நெருப்பு ஒங்களத் தொடவே இல்ல."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. டாக்டர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். கையை எடுத்தபோது அந்த முகத்தில் இருந்தது துக்கம் இல்லை.

"அப்ப நவமணிக்கு நான் கொற வெக்கல, தங்கச்சி."

புற்று உடம்புக்குள் ஏறிவிட்டது என்று இப்போதுதானே சொன்னார்கள்! இந்த மனிதர் நிம்மதியில் அழுகிறார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூன்று வருடம் ஒரு கேள்வியைக் காலடியில் ஒளித்து வைத்துக்கொண்டு எங்களைப் பத்திரமாக ஏற்றி இறக்கியிருக்கிறார். பின்னால் திரும்பி ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் கண்ணைத் திறந்திருப்பேனா? தெரியவில்லை.

சம்மதத்தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். நான் கிளம்பும்போது நர்ஸ் வாரிஸ் படிவத்தை நீட்டி, ஒரு கட்டத்தைத் திருத்தித் தரச் சொன்னாள். என் பெயருக்கு நேரே, உறவு என்ற இடத்தில், அண்ணன் கோணல் எழுத்தில் மலாயில் 'பஸ் பயணி' என்று எழுதியிருந்தார். அது உறவு ஆகாதாம்.

அடித்துவிட்டு, தங்கை என்று எழுதினேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்பது வருடமாக ஒவ்வொரு நாளும் அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். நான்தான் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.