பச்சைத்தண்ணீர்ப் பாத்தி

ராஜபாளையத்தில் என் முட்டைக்கோஸ் தோட்டத்தில் வேரழுகல் நோய்க்கு மருந்து சோதிக்க வந்த ஆராய்ச்சிக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான ஆள். செடியைப் பிடுங்கினால், தான் குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை ஊற்றி வேரைக் கழுவித்தான் பார்ப்பார்.

மூன்று பாத்திக்கு மூன்று மருந்து, நான்காவதற்கு வெறும் பச்சைத்தண்ணீர் என்று சொல்லி, மருந்து டப்பாக்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். போன வருஷம் தோட்டமே அழுகிப்போனதைப் பார்த்தவன் நான். நான்காவது பாத்தியில் ஓர் இலை வாடிவிட்டது. யாருக்கும் தெரியாமல் மூன்று மருந்தையும் கலந்து அதற்கு ஊற்றினேன்.

நாலு நாள் கழித்து வந்தவர் அந்தப் பாத்தியில் குனிந்து மண்ணை முகர்ந்தார்.

“அண்ணாச்சி, மருந்தே ஊத்தாத இது எப்படி இம்புட்டுத் தெளிவா நிக்கி?”

“எல்லாம் ஆண்டாள் கிருபை, சார்.”

“அப்பம் துளசி வாசம்லா வரணும்? மருந்து வாசம் அடிக்கே!”

அவர் திட்டவில்லை. “இது வாடுனாத்தான, மத்தது எதால பொழச்சுதுன்னு தெரியும்?” என்றார். நோட்டில் அதுவரை எழுதியதன் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

என் தோட்டத்திலேயே மறுபடியும் நாலு பாத்தி போட்டார். இரண்டு மருந்தும் தண்ணீரும் ஒன்றுதான், மூன்றாவதே வேரைக் காக்கிறது என்று அதில்தான் தெரிந்தது. இந்த வருஷம் என் கோஸ் பிழைத்தது அவரால்தான்.

காரியத்தைக் கெடுத்தவனிடமே ஏன் திரும்பி வந்தார் என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை. என்மேல் நம்பிக்கை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இரண்டாம் தடவை டப்பாக்களை என் மனைவியிடம் அல்லவா கொடுத்துவிட்டுப் போனார்!