காப்புக் கட்டும் தேதி

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அம்மாவுக்கு நகம் வெட்டிவிட்டேன். ஒரு கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அது என் வேலை.

"இன்னும் ஒட்ட வெட்டு கண்ணு."

"சதை வந்துரும்மா."

"நகத்துக்குள்ள ஒரு ஊரே குடியிருக்குதுன்னு நீதானே சொன்னே? காலி பண்ணு."

புதன்கிழமை காலை வேலைக்குக் கிளம்பி, செருப்புப் போடக் குனிந்தவள் எழவில்லை. மாரடைப்பு. வயது ஐம்பத்தாறு.

அம்மா பெயர் மெர்சி. காரமடைப் பக்கம் வாழைத்தோட்டங்களில் கூலி வேலை செய்த குடும்பம். வாழையின் அடிக்கிழங்கான கட்டையைத் தோண்டி, நட்டு வளர்ந்தவள், பிறகு அதே வாழையைப் பாட்டிலுக்குள் வளர்க்கப் போனாள். மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு திசு வளர்ப்பு லேப். வாழைக்குருத்தைச் சின்னத் துண்டாக நறுக்கி, பாட்டிலில் இருக்கும் கூழில் ஊன்ற வேண்டும். ஒன்று பலவாகும். ஆனால் கூழில் சர்க்கரை இருக்கிறது. கையிலிருந்து ஒரு கிருமி விழுந்தால் போதும், வாழைக்கு முன்னால் அது சாப்பிட்டுவிடும். சில நாளில் கூழில் பால் கலந்த மாதிரி வெள்ளை படரும். பாட்டில் வீண்.

அதனால் நறுக்கும் அறைக்கு வெளியே சுவரில் வரிசையாக ஆணிகள். பெண்கள் தலைப்பூவை அதில் மாட்டி, வளையலைக் கழற்றி, முழங்கை வரை கழுவி, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். சாயங்காலம் எது யாருடைய பூ என்று ஒரு சண்டை நடக்கும். அந்த அறைக்கும் அந்தச் சண்டைக்கும் அம்மாதான் சூப்பர்வைசர்.

மூன்று வருடம் முன்பு சித்திரையில் பாட்டில்கள் நிறையக் கெட ஆரம்பித்தன. லேப் முதலாளி மனோஜ்குமார் ஒரு பலகை மாட்டினார். யார் பாட்டில் கெட்டதோ அவர் பெயருக்கு நேரே சிவப்புப் பொட்டு. பொட்டு வாங்காதவருக்கு மாதக் கடைசியில் ஹாட்பாக்ஸ் பரிசு. அடுத்த வாரமே பொட்டுகள் குறைந்தன. மனோஜ்குமாருக்குச் சந்தோஷம். அம்மா, கழுவும் தொட்டிக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்த கெட்ட பாட்டில்களைப் பார்த்துவிட்டாள்.

அதில் நாலு பாட்டில் அவள் சோற்றுப் பையில் வீட்டுக்கு வந்தன. நான் சரவணம்பட்டியில் ஓர் ஆய்வகத்தில் நுண்ணுயிர்களின் டிஎன்ஏவைப் படித்து, இது இன்ன கிருமி என்று சொல்லும் வேலையில் இருக்கிறேன். மேலதிகாரியிடம் கேட்டு நாலையும் சோதித்துப் பார்த்தேன். இரண்டில் இருந்தது வாழைத்தண்டுக்குள்ளேயே வாழும் பாக்டீரியா. தாய்க்கட்டையோடு வந்தது, வெளியே எவ்வளவு கழுவினாலும் போகாது. மற்ற இரண்டில் இருந்தது மனிதத் தோலில் வாழ்வது.

"அப்பப் பாதி வாழை, பாதி நாங்க" என்றாள் அம்மா.

"ஆமா."

"யாரு கைன்னு தெரியுமா?"

"தெரியாது. தோல்னுதான் தெரியும்."

"நல்லதாப் போச்சு."

மறுநாள் நடந்ததை எனக்குச் சொன்னது யுவஸ்ரீ. அப்போது அவள்தான் அங்கே புதிது. அம்மா பாட்டில்களை மேசைமேல் வைத்தாளாம்.

"இதுல பாதிக்கு நம்ம மேல தப்பில்லீங்க அம்மணிகளா. மீதிப் பாதி எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியோணும். பொட்டு வெக்க மாட்டேன்."

யுவஸ்ரீ கோட்டுக் கையை மேலே தள்ளினாள். முழங்கைக்குக் கீழே மஞ்சள் துணியில் காப்பு. மாரியம்மன் நோன்புக்குக் கட்டியது. நோன்பு முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. மேலே ஏற்றிக் கோட்டுக்குள் மறைத்திருக்கிறாள். வேலையில் கையை நீட்டும்போதெல்லாம் அது, தோல் அழுக்கோடு, மணிக்கட்டுக்கு இறங்கியிருக்கிறது.

"அவுத்தா எங்கம்மா ஊட்டுக்குள்ள உடமாட்டாங்கக்கா."

இன்னும் இரண்டு பேர் கோட்டுக் கையை ஏற்றினார்கள்.

மனோஜ்குமார் யுவஸ்ரீயை வேலையை விட்டு நிறுத்திவிடச் சொன்னார். அவள் அழக்கூட இல்லை, பையைத் தேடினாளாம்.

"இவளை அனுப்பிப்போட்டீங்கன்னா மத்தவங்க இன்னும் மேல ஏத்திக்குவாங்க சார்" என்றாள் அம்மா. "அப்புறம் ஒருத்தி வாயத் தொறக்க மாட்டா."

"ரூல்னா ரூல்தானுங்க மெர்சிக்கா."

"சரிங்க. உங்க கையில என்னங்க சார்?"

அவர் ஊரிலும் நோன்பு. மனோஜ்குமார் சட்டைக் கையை இழுத்துவிட்டார்.

"நான் உள்ளாற வாரதில்லீங்களே."

"அதேதானுங்க நானுஞ் சொல்றது. காப்புக் கட்டுனவங்க உள்ளாற வரவேண்டாம். ஷெட்டுல நாத்துக்குத் தண்ணி உடட்டும், பாட்டில் கழுவட்டும். நோன்பு முடியற வரைக்கும் நாங்க சர்ச்சுப் புள்ளைக உள்ள பாத்துக்குவோம். கிறிஸ்மஸுக்கு எங்களுக்கு லீவு வேணுமல்லங்க, அப்ப அவங்க பாத்துக்கட்டும்."

யுவஸ்ரீ அன்று மதியமே ஷெட்டில் குழாய் பிடித்தாள். பலகை இறங்கியது. வாங்கி வைத்திருந்த ஹாட்பாக்ஸில் ஈரத்துணி விரித்துப் பூவைப் போட்டு வைத்தார்கள். ஆணியைவிட அதில் பூ வாடாமல் இருந்தது. சண்டை மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகும் பாட்டில் கெட்டது, முன்னைவிடக் குறைவாக. கெட்டதை அவரவரே தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினார்கள். ஒரு பாட்டிலும் வராத வாரம்தான் அவள் முகம் சுளிப்பாள். "ஒண்ணுமே கெடலைன்னா எவளோ மறைக்கறான்னு அர்த்தம் கண்ணு."

இதில் ஒரு சிக்கல். ஒவ்வொரு கோயிலுக்கும் நோன்பு ஒவ்வொரு தேதி, வருடத்துக்கு வருடம் மாறும். தேதி முன்கூட்டித் தெரிந்தால்தான் ஆளை மாற்றிப்போட முடியும். புதிதாக வரும் பெண்கள் தாங்களாகச் சொல்லவும் மாட்டார்கள். அதனால் பங்குனி பிறந்ததும் அம்மா, பைபிள் வைத்த அதே கைப்பையோடு, லேப் பெண்களுடைய மூன்று ஊர் மாரியம்மன் கோயிலுக்கும் போய்ப் பூசாரியிடம் கேட்டு வருவாள். ஒரு தடவை நானும் போனேன்.

"ஏனுங் மெர்சியம்மா, இந்த வருசமாச்சும் காப்புக் கட்டிக்கிறீங்ளா?"

"எனக்குக் கட்டுனா எம் பாட்டில் கெட்டுப்போகுமுங்க."

பூசாரி சிரித்து, எலுமிச்சம்பழம் ஒன்று கொடுத்தார். அதை வீட்டில் சர்பத் போட்டோம்.

அடக்கத்துக்கு லேப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். யாரும் பூ வைத்திருக்கவில்லை. மனோஜ்குமார் கல்லறைத் தோட்டத்தில் கடைசிவரை நின்றார். புறப்படும்போது யுவஸ்ரீ என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள்.

"அக்கா ரெண்டு கோயில்ல நோன்புத் தேதி கேட்டுப்போட்டாங்க. சிறுமுகை ரோட்டுக் கோயில் ஒண்ணுதான் பாக்கிங்க. வார ஞாயித்துக்கெழமை போறேன்னு சொல்லியிருந்தாங்க."

"அந்த ஊர்ப் பிள்ளை யாரு?"

"லோகப்பிரியான்னு ஒரு புள்ளைங்க. போன மாசந்தான் சேந்தா. வாயே தொறக்க மாட்டாளுங்க."

பங்குனி பாதி போய்விட்டது. சிறுமுகை ரோட்டுக் கோயிலில் இன்னும் யாரும் தேதி கேட்கவில்லை.