முகமூடிக்குள் திரும்பிய தலை

முதலில் ஓரங்கள் போயின. நேரே பார்த்தால் எல்லாம் தெரியும், இரண்டு பக்கமும் இருக்காது. ஓசூரில் நான் அப்போது வேலை செய்த பட்டறையில் ஆட்கள் வெறும் இடத்திலிருந்து முளைத்து என் முன்னால் நின்றார்கள். ஒரு தள்ளுவண்டி அப்படி முளைத்துக் காலை நசுக்கிய பிறகுதான் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, அது கண் நரம்பை அழுத்துகிறது என்றார்கள். மூக்கு வழியாக எடுத்தார்கள். ஓரங்கள் திரும்பி வந்தன. எடுக்க முடியாத மிச்சத்துக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டியிருந்தது.

"கட்டிக்கும் கண் நரம்புக்கும் நூலிழைதான் இடைவெளி. தலை அசைஞ்சா பார்வை போயிடும்" என்றார் டாக்டர்.

அசையாமலிருக்க முகத்தோடு தலைக்கும் சேர்த்து மாவுக்கட்டு போட்டு முகமூடி செய்து, கரண்ட் பாய வேண்டிய இடத்துக்கு அதன்மேல் மையால் கோடு போட்டார்கள். கரண்ட் வைக்கும் அறை அலமாரியில் நோயாளிகள் எல்லோருடைய கண் மூடிய வெள்ளை முகங்களும் வரிசையாக இருக்கும்.

"மேல் தட்டுல இருக்கறவரு ஏன் வர்றதில்ல?" என்று ஒருநாள் கேட்டேன். கரண்ட் வைப்பவர் என்னுடையதை எடுத்தார்.

கெலமங்கலத்தில் அக்கா வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்தேன். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை மலைக்கோயிலுக்கு இழுத்துப் போனாள்.

"உன் கண்ணுக்காக வேண்டியிருக்கேன். முடி குடுத்துடு."

"கரண்ட் முடியட்டுங்க்கா."

"சாமிகிட்டயே தவணை கேக்கறியா? உக்காருடா."

என் முடி அடர்த்தி. பஸ் டிக்கெட்டைச் செருகினால் நிற்கும். எல்லாம் போயிற்று.

மறுநாள் அந்த அறையில் புது ஆள் இருந்தார். முகமூடியைக் கட்டிவிட்டு வெளியே போனார். இயந்திரம் முனகியது. காதோரத்தில் குளிர்ந்த காற்று நுழைந்தது. அதுவரை அங்கே காற்று வந்ததில்லை.

அதற்கடுத்த நாள் பழைய ஆள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏனப்பா, முடி எங்கே?"

"கோயில்ல குடுத்துட்டேன், சார்."

முகமூடியைக் கட்டினார். "தலையைத் திருப்பு."

திருப்பினேன். திரும்பியது. முகமூடி கூரையைப் பார்த்தபடி கிடந்தது. உள்ளே நான் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடுகள் இடம் மாறவில்லை.

"நேத்து அசைஞ்சியா?"

"தெரியல, சார்."

மொட்டைத் தலைக்குப் புது முகமூடி செய்தார்கள். "ஒரு நாள்தானே, பயப்படாதே" என்றார் டாக்டர். "ஆனா நரம்பு கெட்டா உடனே தெரியாது. வருஷம் கழிச்சுக்கூடத் தெரியும்."

கரண்ட் முடிந்ததும் ஊர் ஊராகச் சுற்றினேன். எங்கே படுத்து எழுந்தாலும் ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் ஓரத்தைத் தேடுவேன்.

ஒருமுறை ஜவளகிரிப் பக்கம் லாரியில் மூட்டைகளின் மேல் தூங்கி விழித்தேன். விடிந்திருந்தது. லாரி நின்றிருந்தது. சாலை இல்லை, மரங்கள் இல்லை, இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை.

"அண்ணா, பனியா?" என்று கீழே பார்த்துக் கேட்டேன்.

ஒரு கண்ணைப் பொத்தினேன். கீழே டிரைவர் தீக்குச்சி உரசும் சத்தம் முதலில் வந்தது. வெளிச்சம் அதற்கப்புறம்தான், ஓரத்தில், வந்தது.